வேட்டியோடு ஏறக்கூடாத வண்டி: மோட்டோ கூட்ஸி ஃபல்கோனே கேள்வி–பதில்

போன இதழில் இத்தாலியின் மோட்டோ கூட்ஸி ஃபல்கோனே மோட்டார் சைக்கிள் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். ஒற்றை சிலிண்டர், 500 சிசி, 23 குதிரைசக்தி, 1950-ல் வந்த வண்டி, கோமோ ஏரிக்கரையில் இருக்கும் நண்பரிடம் ஒன்று இருக்கிறது, மூன்று தடவை ஓட்டியிருக்கிறேன், ஆசையும் இம்சையும் சரிபாதி என்று. அவ்வளவுதான் எழுதினேன். வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் டீசல் கார், பேட்டரி ஸ்கூட்டர் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளவேண்டியதுதான். கேட்டவர்கள் மன்னிக்கவும்.

500 சிசி என்கிறீர்கள், 23 குதிரைசக்தி என்கிறீர்கள். இப்போது 200 சிசி வண்டியே அதை எட்டிவிடுகிறதே! அப்புறம் இதில் என்ன பெருமை? – கோவை வாசகர்

23 கூட ஸ்போர்ட் மாடலுக்குத்தான் சார். நெடும்பயண மாடலான டூரிஸ்மோவுக்கு 19-க்கும் கொஞ்சம் குறைவு. நம் ஊர் பழைய இரும்பு எஞ்சின் புல்லட் 350-க்கு 18 என்பதை நினைத்துக்கொண்டால், 500 சிசிக்கு இது ரொம்பக் கஞ்சத்தனம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் அந்த 23 எந்த வேகத்தில் வருகிறது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 4500 சுற்று (ஆர்.பி.எம்.), அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் 200 சிசி வண்டி அதே சக்தியைக் கொடுக்க இதைப்போல இரண்டு மடங்கு சுற்றவேண்டும். ஃபல்கோனே அலறவே அலறாது. ஐட்லிங்கில் நிற்கும்போது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசி முடித்துவிடலாம், அப்படி ஒரு நிதானம்.

ஏரிக்கரையிலிருந்து கிஸால்லோ மலைக்கு ஏறும் சாலை கொஞ்சம் செங்குத்தானது, சைக்கிள் பந்தயக்காரர்கள் மூச்சு வாங்கும் இடம். அங்கே மூன்றாவது கியரில் போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு போனேன். வளைவில் வேகம் குறையும், பழைய பழக்கத்தில் கால் தானாகக் கியரைத் தேடும், தேவையே இருக்காது. 'தம் தம் தம்' என்று மாடு செக்கிழுப்பதுபோல் அதுபாட்டுக்கு இழுத்துக்கொண்டு மேலே போய்விடும். இதுதான் அந்த வண்டியின் பெருமை. அதே வண்டியில் சமதளத்தில் ஒரு வேனை முந்தலாம் என்று நினைத்து ஆக்சிலரேட்டரைத் திருகினால், முதலில் ஒன்றுமே நடக்காது. அப்புறம் மெதுவாக யோசித்து, சரி போகலாம் என்று கிளம்பும். அதற்குள் எதிரே லாரி வந்துவிடும். இது அந்த வண்டியின் குறை. இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான், அதற்கு அடுத்த கேள்வியில் வருகிறேன்.

எஞ்சினுக்கு வெளியே ஏதோ பெரிய சக்கரம் சுற்றுவதை வீடியோவில் பார்த்தேன். அது என்ன? கால் மாட்டாதா? – மதுரை

அதுதான் ஃப்ளைவீல். மற்றவர்கள் எஞ்சின் பெட்டிக்குள் ஒளித்துவைக்கும் சாமானை இவர்கள் இடதுபக்கம் வெளியே மாட்டிவிட்டார்கள், 28 சென்டிமீட்டர் குறுக்களவில். இத்தாலியர்கள் இதற்குப் பன்றித்தொடைக் கறியை மெல்லிசாகச் சீவும் கடை மெஷினின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த வட்டக் கத்தியைப் பார்த்தவர்களுக்குப் பொருத்தம் புரியும்.

வெளியே வைத்ததில் கணக்கு இருக்கிறது. ஃப்ளைவீல் எவ்வளவு பெரிய வட்டமோ, அதே எடையில் அவ்வளவு அதிக ஆற்றலைச் சேர்த்துவைக்கும். அதை உள்ளே வைத்தால் எஞ்சின் பெட்டி பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும். வெளியே வைத்ததால் பெட்டி சின்னது, எடையும் குறைவு. மலையில் இழுத்தது இந்தச் சக்கரம்தான், வேனை முந்தவிடாமல் யோசித்ததும் இதே சக்கரம்தான். கியர் மாற்றும்போதும் இதன் வேகம் இறங்கக் கொஞ்சம் நேரம் கொடுக்கவேண்டும். 'ஒன்று, இரண்டு' என்று மனதுக்குள் எண்ணிவிட்டு மாற்றினால் வெண்ணெய், அவசரப்பட்டால் 'கடக்'.

கால் மாட்டுமா என்றால், உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குக் கால் அதன் பின்னால்தான் இருக்கும். தொங்குகிற துணிதான் ஆபத்து. அவிழ்ந்த ஷூ கயிறு, அகலக் கால் பேன்ட், மழைக்கோட்டு வார். வேட்டி கட்டிக்கொண்டு ஏறவே கூடாத வண்டி இது. நிறுத்திவைத்து ஐட்லிங்கில் விட்டிருக்கும்போது பக்கத்தில் குழந்தைகளை வரவிடாதீர்கள். மெதுவாகப் பளபளவென்று சுற்றுவதைப் பார்த்தால் பெரியவர்களுக்கே தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

எஞ்சினை ஏன் படுக்கவைத்திருக்கிறார்கள்? – சேலம் பாலிடெக்னிக் மாணவர்

தம்பி, நல்ல கேள்வி. சிலிண்டர் முன்சக்கரத்தைப் பார்த்துப் படுத்திருப்பதால் எதிர்காற்று நேராக சிலிண்டரின் தலைப்பகுதியான ஹெட்டில் போய் மோதும். அதிகம் சூடாவது அந்த இடம்தானே. இன்னொன்று, எடை முழுக்கத் தரையை ஒட்டி வந்துவிடும், 170 கிலோவை ஒட்டிய வண்டி என்று ஓட்டும்போது தெரியவே தெரியாது. கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்லோ கூட்ஸி இந்த அமைப்பை 1921-லேயே தன் முதல் விற்பனை வண்டியான நார்மாலேயில் வைத்தார். அதன் சிலிண்டரின் உள்விட்டம் (bore) 88 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் (stroke) 82 மி.மீ., சக்தி வெறும் 8 குதிரை. அப்புறம் வால்வு அமைப்பு மாறியது, ஃபிரேம் மாறியது, இரும்பு சிலிண்டர் அலுமினியமானது, ஆனால் அந்த 88-க்கு 82 மட்டும் மாறவே இல்லை. 1976-ல் கடைசி 500 ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் வெளியே வந்தபோதும் அதே அளவு. நம் புல்லட் 350-ல் 70-க்கு 90, அதாவது ஒல்லியான உயரமான சிலிண்டர். இது அதற்கு நேரெதிர், தடியான குட்டையான சிலிண்டர். அப்படியிருந்தும் புல்லட்டைவிட நிதானமாக அடிக்கிறது என்றால் காரணம் மறுபடியும் அந்த வெளிச்சக்கரம்.

கல்லூரியில் கேட்டு வைத்துக்கொள்ள இன்னொரு விஷயம்: இதில் எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நடுவில் செயின் கிடையாது, பல்சக்கரம் நேராகப் பல்சக்கரத்தில் மாட்டுகிறது. அதனால் பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் வண்டிச் சக்கரத்துக்கு எதிர்த்திசையில், பின்பக்கமாகச் சுற்றும். ஏன் என்று நீயே படம் போட்டுப் பார்.

படுத்த எஞ்சினுக்குத் தொல்லையும் உண்டு. முன்சக்கரம் அள்ளி வீசும் சேறும் சின்னக் கல்லும் நேராக ஹெட்டில்தான் விழும். மழையில் ஓட்டிவிட்டு வந்தால் துடைக்காமல் விடக்கூடாது.

மைலேஜ் எவ்வளவு? – பெயர் வேண்டாம்

கேட்காமல் இருப்பீர்களா! நண்பருடைய டூரிஸ்மோ லிட்டருக்கு 25 கி.மீ. பக்கம் தருகிறது.

நான் ஸ்விட்சர்லாந்தின் லுகானோவில் இருக்கிறேன். எல்லை தாண்டி கோமோ பக்கத்தில் ஒரு பெரியவர் 1950-களின் ஃபல்கோனே ஸ்போர்ட் விற்கிறார். திருச்சியில் அப்பா வைத்திருந்த புல்லட்டில்தான் வண்டி ஓட்டப் பழகினேன். வாங்கலாமா அண்ணா? எதைப் பார்த்து வாங்குவது?

புல்லட்டில் பழகியவர் என்பதால் பாதிப் பாடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வலதுகால் கியர் உங்களுக்குப் புதிதில்லை. சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரும் புதிதில்லை. ஆனால் அந்தத் தைரியத்திலேயே போய் ஏமாந்துவிடாதீர்கள்.

முதலில் அது உண்மையான ஸ்போர்ட்தானா என்று பாருங்கள். இத்தாலியப் போலீசும் ராணுவமும் டூரிஸ்மோவை நிறைய வாங்கி ஓட்டி, பிறகு கழித்துவிட்டன. கழித்த வண்டிக்கு சிவப்பு பெயின்ட் அடித்து, தாழ்ந்த ஹேண்டில்பாரும் பின்னால் தள்ளிய கால்மிதியும் போட்டால் பார்வைக்கு ஸ்போர்ட் ஆகிவிடும். உள்ளே கம்ப்ரஷன் குறைவு, கார்புரேட்டர் சின்னது. என் நண்பருக்கு முதல் தடவை நடந்தது இதுதான். ஸ்போர்ட் விலை கொடுத்து ஒரு வியாபாரியிடம் வாங்கி வந்து, ஆறு மாதம் கழித்து எஞ்சினைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. மனிதர் இப்போது 'டூரிஸ்மோதான் சௌகரியம், முதுகு வலிக்காது' என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். அது உண்மையும்கூட. நேராக உட்கார்ந்து நாள் முழுக்க 80-ல் போக டூரிஸ்மோதான் சரி.

இந்த எஞ்சின் குடும்பம் ரொம்பப் பெரியது என்பதும் நினைவில் இருக்கட்டும். ராணுவத்துக்கு சூப்பரால்சே என்ற மோட்டார் சைக்கிள், சாமான் ஏற்ற எர்கோலே என்ற மூன்றுசக்கர வண்டி, எல்லாவற்றிலும் இதே 500 படுக்கை எஞ்சின்தான் வெவ்வேறு வடிவத்தில். எர்கோலே 1946-லிருந்து 1980 வரை ஓடியது. அதனால் ஒரு லாபம், ஒரு நஷ்டம். லாபம், உதிரிபாகம் இத்தாலியில் இன்னும் கிடைக்கிறது; இத்தனை வயதான வண்டிக்கு அது சின்ன விஷயமில்லை. நஷ்டம், எந்த வண்டியின் பாகம் எந்த வண்டியில் இருக்கிறது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். எஞ்சின் நம்பர், ஃபிரேம் நம்பர் இரண்டையும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். பழைய நம்பர் பிளேட்டும் பழைய பதிவுப் புத்தகமும் வண்டியோடு இருந்தால் விலை கூடத்தான் செய்யும், கொடுங்கள். ராணுவக் கழிவில் வந்த வண்டிகள் சிலவற்றுக்குப் பத்திரமே இருக்காது. அது எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் தொடமாட்டேன். ஸ்விஸ் பதிவில் வெட்டரன், அதாவது பழங்கால வண்டி என்று போட்டுக்கொள்ள 30 வயது தாண்டியிருந்தால் வயதுக் கணக்கு முடிந்தது, இதற்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. வண்டி அசல் நிலையில் இருக்கிறதா என்பதைத்தான் அங்கே நோண்டுவார்கள்.

அப்புறம் ஆயில். இதில் ஆயில் தனி டேங்கில் இருக்கும், ஒரு பம்ப் எஞ்சினுக்கு அனுப்பும், இன்னொன்று திரும்ப இழுத்துக்கொண்டு வரும். ஸ்டார்ட் ஆனதும் டேங்க் மூடியைத் திறந்து ஆயில் திரும்பி வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். வந்தால் நிம்மதி. வராவிட்டால் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். தரையில் இரண்டு சொட்டு ஆயில் கிடப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், புல்லட் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லவேண்டுமா என்ன.

முக்கியமாக ஒன்று: நீங்கள் போய்ச் சேரும் முன்னாலேயே அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். குளிர்ந்த எஞ்சினை உங்கள் கண் முன்னால் கிளப்பச் சொல்லுங்கள்.

கிக்கர் திருப்பி அடிக்கும் என்று பயமுறுத்துகிறார்களே, எப்படித்தான் ஸ்டார்ட் செய்வது? – பாண்டிச்சேரி

அடிக்கும். எனக்கு அடித்திருக்கிறது. அதைச் சொல்லும் முன் முறையைச் சொல்லிவிடுகிறேன்.

இதில் ஸ்பார்க்குக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் மேக்னெட்டோ இக்னிஷன், அதனால் பேட்டரி செத்துக் கிடந்தாலும் வண்டி கிளம்பும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் பழைய வண்டிக்கு இதைவிட வசதி ஏது! புல்லட்டில் ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்துப் பார்த்து பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடத்தை, அதாவது டாப்பைப் பிடிப்போமே, அந்த வேலையும் இல்லை, கால்தான் முள். பெட்ரோல் குழாயைத் திறக்கவேண்டும். கார்புரேட்டரில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை விரலால் அழுத்திப் பிடித்தால் மிதவை அமுங்கி பெட்ரோல் நிரம்பும், விரல் நுனி ஈரமானதும் விட்டுவிடலாம். ஹேண்டில்பாரில் ஸ்பார்க்கை முன்னே பின்னே தள்ளும் லீவர் ஒன்று இருக்கிறது. அதைப் பின்னால், அதாவது தாமதப் பக்கம் தள்ளவேண்டும். இதை மட்டும் மறக்கக்கூடாது. பிறகு கிக்கரை மெதுவாக அமுக்கி, கம்ப்ரஷன் காலைத் தடுக்கும் இடத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து ஒரு நூல் தாண்டவைத்து, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுசாக ஒரே மிதி. குதிக்கவேண்டாம், எம்பவேண்டாம். காலின் பலத்தைவிட அந்த ஃப்ளைவீலுக்கு ஒரு நல்ல தள்ளு கிடைத்தால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். என் நண்பரின் அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், வீட்டுச் செருப்போடு வந்து ஒரே மிதியில் கிளப்பியதை நான் நேரில் பார்த்தேன். கிளம்பியதும் ஸ்பார்க் லீவரை மெல்ல முன்னால் கொண்டுவரவேண்டும். எஞ்சின் சத்தம் தளர்ந்து, கனிந்து, ஒரு தாளத்துக்கு வருவது காதுக்கே தெரியும்.

நான் செய்தது என்ன? முந்தின நாள் ஒரே மிதியில் கிளம்பிவிட்டது என்ற திமிரில், இரண்டாம் நாள் லீவரைப் பார்க்காமலே மிதித்தேன். முன்னால் கிடந்திருக்கிறது. பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே வெடித்து, கிக்கர் வந்த வழியே திரும்பி வந்து கணுக்காலில் ஒரு போடு போட்டது. இரண்டு நாள் ஐஸ் கட்டியும் நொண்டலும்தான். வண்டி மேல் தப்பே இல்லை. அந்த அம்மா வேறு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தினமும் ஆபீஸ் போக இதைப் பயன்படுத்தலாமா? – சென்னை

வேண்டாம். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புகிற ஊருக்கு இது பிறக்கவில்லை. கிளட்ச் சூடாகும், படுத்திருக்கும் சிலிண்டருக்குக் காற்றுக் கிடைக்காது, நடுவில் நின்றுபோனால் முன் பதிலில் சொன்ன பூஜை முழுவதையும் பின்னால் ஹாரன் அடிக்கும் நூறு பேர் முன்னிலையில் செய்யவேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். 60-ல் போகும்போது பரவாயில்லை. ஸ்போர்ட் 135 வரை போகும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள், அந்த வேகத்தில் போய் அந்த பிரேக்கைப் பிடிக்க எனக்குத் தைரியம் கிடையாது. ஹெட்லைட் 6 வோல்ட். அது சாலையைக் காட்டுவதற்கு இல்லை, நீங்கள் வருகிறீர்கள் என்று மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு. நண்பர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டியை வெளியே எடுப்பதே இல்லை.

பின்பக்க ஸ்பிரிங்குகள் எஞ்சினுக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் படுத்திருக்கும். குலுக்கலை அடக்குவதற்கு ஆயில் ஷாக் அப்சார்பர் கிடையாது. கத்தரிக்கோல் மாதிரி இரண்டு தகடு உரசிக்கொள்ளும், திருகை இறுக்கினால் கடினம், தளர்த்தினால் மெத்தை. எளிமையான விஷயம், கையாலேயே சரிசெய்யலாம். ஆனால் நம் ஊர்ப் பள்ளங்களில் எத்தனை நாள் தாங்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

நுவோவோ ஃபல்கோனே என்று ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறதாமே? – பாரிஸ், லா ஷப்பேல்

'புது ஃபல்கோனே' என்று அர்த்தம். பழைய ஃபல்கோனே 1960-களின் கடைசியில் நின்ற பிறகு, அரசாங்கத்துக்கு வேண்டும் என்பதற்காக 1969-ல் காட்டி, அப்புறம் பொதுமக்களுக்கும் விற்று, 1976 வரை செய்தார்கள். 12 வோல்ட், ஃப்ளைவீலுக்கு மூடி, 26 குதிரை. தினசரிக்கு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் இதுதான் நியாயமான வண்டி. ஆனால் எடை 200 கிலோவைத் தாண்டிவிட்டது, அதனால் கூடிய சக்தியை அதுவே தின்றுவிடுகிறது. பார்க்கவும் சர்க்கார் ஜீப் மாதிரி இருக்கும். எனக்கு அழகாகத் தோன்றவில்லை. அந்தச் சக்கரத்தை மூடிவிட்டார்களே என்கிற வருத்தமும் இருக்கலாம், நான் நடுநிலையாளன் இல்லை.

பெயருக்கு என்ன அர்த்தம்? – தஞ்சாவூர்

வல்லூறு. கூட்ஸிக்காரர்களுக்குப் பறவைப் பைத்தியம். அவர்களுடைய மற்ற மாடல்களில் ஐரோனே என்றால் கொக்கு இனம், கல்லெட்டோ சேவல்குஞ்சு. கம்பெனி சின்னம் கழுகு. சேர்ந்து கம்பெனி தொடங்கத் திட்டம் போட்ட மூன்று ராணுவ நண்பர்களில் விமானியான ஜொவான்னி ரவெல்லி 1919-ல் விமான விபத்தில் இறந்துபோக, மற்ற இருவரும், கார்லோ கூட்ஸியும் ஜார்ஜோ பரோடியும், அவர் நினைவாக அந்தச் சிறகுகளை வைத்தார்கள். 1921-லிருந்து இன்றுவரை தொழிற்சாலை கோமோ ஏரிக்கரையில் அதே மான்டெல்லோ ஊரில்தான் இருக்கிறது.

ஐயா, லுகானோவிலிருந்து என் கணவர் உங்களுக்கு ஏற்கெனவே எழுதியிருப்பார் என்று தெரியும். என்னைப் பின்னால் உட்காரவைத்து ஏரியைச் சுற்றிக் காட்டுவாராம். நம்பலாமா? அவர் சென்ற மாதம் வாங்கிய காப்பி மெஷினையே இன்னும் ஸ்டார்ட் செய்யத் தெரியவில்லை.

வணக்கம் அம்மா. அவர் எழுதியதும் வந்தது, பதில் மேலே இருக்கிறது, இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாவதற்கு நான் பொறுப்பல்ல.

இந்த வண்டிகள் பலவற்றில் ஓட்டுகிறவருக்கு ஸ்பிரிங் வைத்த அருமையான தனி சீட்டு இருக்கும், பின்னால் உட்காருகிறவருக்கு மட்கார்டு மேல் ஒரு சின்ன மெத்தை. ஏரியைச் சுற்றி முடிக்கும்போது நீங்கள் இயற்கைக் காட்சியைப் பற்றிப் பேசும் மனநிலையில் இருக்கமாட்டீர்கள். பதிவுப் புத்தகத்தில் இரண்டு பேர் என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். உட்காருவதாக இருந்தால் ஒருபக்கமாக உட்காரவேண்டாம், புடவையும் துப்பட்டாவும் வேண்டாம், இடதுபக்கம் சுற்றுவது என்ன என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ஆனால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வண்டி பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். பாண்டிச்சேரி வாசகருக்கு எழுதிய பதிலை இரண்டு தடவை படித்துவிட்டுப் போங்கள். அவர் மிதித்துக் களைத்தபிறகு, ஸ்பார்க் லீவர் பின்னால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நீங்கள் ஒரு மிதி மிதியுங்கள். அப்புறம் பின்னால் யார் உட்காருவது என்ற பேச்சே வராது.